பின்னால் வந்த மணி

வழிவிட்டு ஒதுங்கி நின்று வெகுநேரம் ஆகிவிட்டது. பின்னால் வந்தவர் இன்னும் வந்து சேரவில்லை.

ரிட்சுகோ அக்காவின் கையைப் பிடித்துப் பாதையோரமாக நிறுத்திவிட்டு, முகத்தில் ஒரு புன்னகையைத் தயாராக வைத்திருந்தாள். மலைப்பாதையில் பின்னால் மணிச்சத்தம் நெருங்கினால் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். கடந்து போகிறவர் லேசாகத் தலை குனிவார், நாமும் குனிவோம், ஒரு வணக்கம், முடிந்தது. சத்தம் அந்தப் பெரிய பாறையின் வளைவு வரைக்கும் வந்திருந்தது. கிண் கிண் கிண் என்று மூன்று வேகமான அடிகள், பிறகு மூச்சு வாங்குவது போல் ஓர் இடைவெளி, மறுபடியும் கிண் கிண் கிண். அந்த மணிக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஈரத்துணிக்குள் வைத்து ஆட்டியதைப் போல மந்தமாக ஒலித்தது. இவர்கள் நின்றதும் அதுவும் நின்றுவிட்டது.

"வெக்கப்படுறார் போல," என்றாள் இகுயோ. "ரெண்டு கிழவிங்க பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறதைப் பாத்துட்டு வேற வழியில போயிட்டார்."

"வேற வழி ஏதுக்கா? இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் பாறை."

"அப்ப ஒண்ணுக்குப் போயிருப்பார். அதையெல்லாம் துருவித் துருவிக் கேக்கணுமா? நட."

இகுயோ நடந்தாள். அவள் இடுப்பில் கட்டியிருந்த பித்தளை மணியும் கூடவே நடந்தது. இடது காலை ஊன்றும்போது ஒரு முறை கணீரென்று அடிக்கும். வலது காலை இழுத்து வைக்கும்போது இரண்டு முறை சேர்ந்தாற்போல் சிணுங்கும். கிண்... கிணிகிணி. கிண்... கிணிகிணி. வலது முட்டியில் எலும்போடு எலும்பு உரசுகிறது என்று டாக்டர் படம் பிடித்துக் காட்டியிருந்தார். அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. அதற்கப்புறம் எப்போது மலையேறுவேனோ, இந்த இலையுதிர் காலத்திலேயே கசுமிகுரா அருவியைச் செவ்விலையோடு பார்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று அடம்பிடித்தாள் அக்கா. இருந்ததும் ஏறக்குறைய ஒற்றைக்கால்தான். காலையில் பஸ் ஏற்றிவிட வந்த அத்தான் ரிட்சுகோவைத் தனியாக அழைத்து, "இவ சொல்பேச்சு கேக்க மாட்டா. உன் பொறுப்பு. ஏத்துன மாதிரியே எனக்கு முழுசா இறக்கிக் கொண்டுவந்து குடு," என்றார். ரிட்சுகோ சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். ஆனால் அந்தப் பொறுப்பு அவள் முதுகுப்பையைவிடக் கனமாகத்தான் இருந்தது, ஏனென்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மலை என்றால் பயம்.

அதுவும் இந்த வருடம். காட்டில் கொட்டை தரும் பீச் மரங்கள் காய்க்கவே இல்லை. தின்ன ஒன்றும் கிடைக்காத கரடிகள் ஊருக்குள் இறங்குவதாக ஒலிபெருக்கியில் தினமும் எச்சரித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டால் கரடி விலகிப் போகும் என்பதால்தான் அடிவாரக் கடையில் மணி கட்டாமல் யாரையும் மேலே விடுவதில்லை. கடைச் சுவரில் வரிசையாகக் கொக்கிகள், கொக்கிக்கு ஒரு மணி. எடுத்துக் கட்டிக்கொண்டு போக வேண்டும், இறங்கி வந்ததும் திருப்பித் தர வேண்டும். இவர்களுக்குக் கடைக்காரம்மாவே எடுத்துக் கட்டிவிட்டாள். புகையில் வாட்டிய முள்ளங்கி ஊறுகாய் வாசனை அவள் கையிலிருந்து மணிவாரில் ஏறிக்கொண்டது.

"நான் சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் கிளம்பிடுவேன்," என்றாள் அவள். "ஷட்டர்ல தபால் பெட்டி மாதிரி ஒரு துவாரம் இருக்கு பாருங்க, மணியை அதுல போட்டுடுங்க. குளிருச்சுன்னா பக்கத்துக் கதவு திறந்தேதான் இருக்கும், உள்ள உக்காந்து பஸ்ஸுக்குக் காத்திருங்க. ஊறுகாயைத் திருட இங்க யாரு வரப்போறா."

ஒரு கொக்கி மட்டும் காலியாக இருந்தது. ரிட்சுகோவின் கண் அதிலேயே நின்றது. "மேல யாராச்சும் இருக்காங்களா?"

"அதுவா? முந்தாநாள் போன ஒருத்தர் எடுத்துட்டுப் போனது. மறந்துபோய் அப்படியே வீட்டுக்குக் கட்டிக்கிட்டுப் போயிட்டார் போல. வருஷத்துக்கு நாலு பேரு இப்படித்தான். இன்னும் ரெண்டு நாள்ல மன்னிப்புக் கடுதாசியும் ஒரு டப்பா இனிப்புமா தபால்ல வந்து சேரும் பாருங்க. நாமளா ஃபோன் பண்ணிக் கேட்டா அவருக்கு அசிங்கமாப் போயிடாதா?"

நியாயம்தான் என்று இகுயோ தலையாட்டினாள். ரிட்சுகோவும் ஆட்டினாள். ஒருத்தரைச் சங்கடப்படுத்தக்கூடாது என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தாய்ப்பாலோடு ஊட்டியது.

பாதை முழுக்க இலை. மேப்பிளின் சிவப்பு, பீச்சின் பழுப்பு மஞ்சள், நடுநடுவே அரக்கு மரத்தின் கறுத்த சிவப்பு. நேற்றைய மழையில் நனைந்து, மிதித்தால் காலடியில் சளக்கென்று அமுங்கின. அழுகிய காளானும் ஈரமண்ணும் கலந்த அந்த மணம் ரிட்சுகோவுக்குப் பிடிக்கும். ஆனால் காற்று திசை மாறும்போதெல்லாம் அதற்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை எழுந்தது. நனைந்த கம்பளி வாசனை. கூடவே இனிப்பாக, மூக்கின் அடியில் ஒட்டிக்கொள்ளும்படியாக, மூடிவைத்து மறந்துபோன மீன்டப்பாவைத் திறந்தாற்போல ஏதோ ஒன்று. அக்காவிடம் சொன்னால் கேலி செய்வாள். சொல்லவில்லை. பின்னால் மணிச்சத்தம் இரண்டு முறை கேட்டது, இரண்டு முறையும் அவள் ஒதுங்கி நின்றாள், இரண்டு முறையும் யாரும் வரவில்லை.

அருவி கண்ணில் படுவதற்கு முன்பே நெஞ்சில் அதிர்ந்தது. கடைசி வளைவைத் தாண்டியதும் இகுயோ நின்றுவிட்டாள். அவளுடைய வாய், எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும் அந்த வாய், சும்மா திறந்திருந்தது. கறுப்புப் பாறையில் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது தண்ணீர். இரண்டு பக்கமும் மலை பற்றி எரிவது போல் சிவந்திருந்தது. சாரலில் பறந்த இலைகள் கீழே விழ மனமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தன. இகுயோவின் கண் கலங்கிவிட்டது. "வந்துட்டேன் பாத்தியா," என்றாள். "முட்டி என்னடி முட்டி."

ரிட்சுகோவுக்கும் அழுகை வந்தது. பயந்து பயந்து வந்ததற்கு இது போதும் என்று அந்த ஒரு நிமிடம் தோன்றியது.

பார்வை மேடை மரப்பலகையால் ஆனது. அதன் நடுவில் முக்காலியில் கேமராவைப் பொருத்தி நின்றிருந்தார் ஒருவர். நெட்டையான ஆள், எழுபது வயதிருக்கும், தலையில் துண்டு கட்டியிருந்தார். அவர்களைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். பிறகு அவரே சங்கடப்பட்டுக்கொண்டு கிட்டே வந்தார். நீளக்கால்களால் அவசரமே இல்லாமல் எட்டி எட்டி வைத்து, பலகையில் தொக்... தொக்... என்று.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. ஹிரானுமான்னு பேரு, கடை திறக்கிறதுக்கு முன்னாடியே மணி எடுக்காம ஏறிட்டேன். அருவியைச் சத்தத்தோட பதிவு பண்ணிட்டிருக்கேன். மணியைக் கொஞ்சம் ஊமையாக்கிட முடியுமா? வெளிச்சம் போறதுக்குள்ள முடிச்சுடுவேன்."

"அடடா, மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க," என்று அக்காவும் தங்கையும் மாறி மாறிக் குனிந்தார்கள். மணியின் வாயில் மாட்டுவதற்கென்றே வாரில் ஒரு தோல் மூடி தொங்கும். இகுயோவுக்குக் குனிந்தால் முட்டி வலிக்கும் என்பதால் ரிட்சுகோவே அவளுடைய மணிக்கும் மூடியை இழுத்து அழுத்தி மாட்டினாள். பிறகு தன்னுடையதற்கு. மலையே வாயை மூடிக்கொண்டது போல் இருந்தது. கரடிக்குப் பயந்து கட்டிய மணியை மனிதருக்குக் கூச்சப்பட்டு மூடுகிறோமே என்று ஒரு கணம் உறுத்தியது. அதைச் சொல்வது மரியாதையாக இருக்காது.

சோற்றுருண்டையைப் பிரித்து மூவரும் தின்றார்கள். ஹிரானுமா ரசித்துச் சாப்பிட்டார். கூட்டாளி ஒருத்தனுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார். குரோசே என்று பெயர், முந்தாநாளே வந்திருக்க வேண்டியவன், மேலே எங்காவது கூடாரம் போட்டு இலைக்குள் படுத்துக் கிடப்பான், படம் பிடிக்கும் பைத்தியம். ரிட்சுகோவுக்கு அந்தக் காலிக் கொக்கி நினைவுக்கு வந்தது. முந்தாநாள்.

வெயில் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அருவியின் மேலிருந்து மூடுபனி இறங்கி, முதலில் உச்சியை எடுத்துக்கொண்டது, பிறகு சிவப்பு மரங்களை ஒவ்வொன்றாக. மேடையின் மறுகோடி தெரியாமல் போனபோது அங்கிருந்து கேட்டது.

கிண் கிண் கிண். இடைவெளி. கிண் கிண் கிண்.

ஹிரானுமாவின் முகம் மலர்ந்தது. "வந்துட்டான் பாருங்க! குரோசேதான். போன வருஷம் அவனுக்கு நுரையீரல்ல பாதியை வெட்டி எடுத்துட்டாங்க. மூணு அடி வைப்பான், நின்னு மூச்சு வாங்குவான், மறுபடி மூணு அடி. எங்க இருந்தாலும் அந்த நடையை வச்சே கண்டுபிடிச்சுடுவேன்." பனியைப் பார்த்துக் கத்தினார். "டேய் பாதி நுரையீரல்! பதிவைக் கெடுத்துட்டியேடா!"

பனிக்குள்ளிருந்து மணி மட்டும் மூன்று முறை அடித்தது. வாசனை வந்தது. நனைந்த கம்பளி.

"போகாதீங்க," என்றாள் ரிட்சுகோ. அருவி இரைச்சலில் அது அவளுக்கே கேட்கவில்லை.

ஹிரானுமா நடந்தார். தொக்... தொக்... தொக்... பனி அவரை இடுப்பு வரை, தோள் வரை, தலைத்துண்டு வரை வாங்கிக்கொண்டது. பிறகு ஒரு சத்தம். ஈரத்துணியைத் துவைகல்லில் ஓங்கி அறைந்தது போல ஒன்று. ஹிரானுமா அலறினார். அலறல் பாதியில், வாய்க்குள் தண்ணீர் புகுந்தது போல், கொழகொழவென்று மாறி நின்றது. கைப்பிடிக் கட்டை முறிந்தது. பலகை அதிர்ந்தது. அருவி விழுந்துகொண்டே இருந்தது.

"விழுந்துட்டாரா?" இகுயோ எழ முயன்றாள். "அய்யய்யோ, போய்ப் பாருடி!"

ரிட்சுகோ போனாள். போகக்கூடாது என்று உடம்பு முழுக்கச் சொன்னது, இருந்தும் போனாள், உதவி கேட்டு ஒருவர் அலறினால் போகத்தான் வேண்டும் என்பதால். நாலைந்து அடிதான் வைத்திருப்பாள். பலகைகளில் ஒட்டியிருந்த சிவப்பு இலைகளுக்கு நடுவே இன்னொரு சிவப்பு ஊர்ந்து வந்து, இலை எது அது எது என்று தெரியாமல் பரவியது. ஆவி பறந்தது. அதற்கு அப்பால் ஹிரானுமாவின் ரப்பர் பூட்ஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. விழாமல், நேராக. உள்ளே கால் இருந்தது. முட்டிக்கு மேலே ஒன்றும் இல்லை. பனிக்குள் எதுவோ நிதானமாக, நிறைந்த வாயோடு, எலும்பைக் கடித்தது.

அவள் திரும்பி வந்தாள். அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள்.

நிஜத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அக்கா ஓடப் பார்ப்பாள், அந்த முட்டியோடு ஓடினால் முதல் படியிலேயே விழுவாள் என்று ரிட்சுகோவுக்குத் தோன்றியது. பத்திரமாக இறக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் தலையில் இருந்தது. "கீழ விழுந்துட்டார்," என்றாள். "கால்ல அடி. நாம போய் ஆள் அனுப்பணும். வாக்கா. பேசாம வா."

"மணியைத் திறந்து விடேன்."

"வேண்டாம். அது... வேண்டாம். மூடியே இருக்கட்டும்."

இறங்கினார்கள். அக்காவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அவள் எடையில் பாதியைத் தாங்கி, படிப்படியாக. இரண்டு மணிகளும் ஊமை. அக்காவின் இழுப்பு நடை மட்டும் இலையில் கேட்டது. சளக், சர்ர். சளக், சர்ர். பனி அவர்களுக்கு முன்னாலேயே இறங்கிப் பாதையை மூடிவைத்திருந்தது. ஒவ்வொரு மரமும் யாரோ நிற்பது போலத் தெரிந்து, கிட்டே போனதும் மரமானது.

பெரிய பாறையைத் தாண்டியபோது பின்னால் மணி கேட்டது. அதே தொண்டை கட்டிய மணி.

ஆனால் நடை வேறு.

கிண்......... கிண்......... கிண்.

நீளக்கால்களால், அவசரமே இல்லாமல், எட்டி எட்டி வைக்கும் நடை.

ஹிரானுமா மணி கட்டியிருக்கவில்லை. மணி குரோசேயுடையது. அதை வைத்திருக்கும் ஏதோ ஒன்று முந்தாநாள் குரோசேயின் நடையை எடுத்துக்கொண்டது, இப்போது ஹிரானுமாவின் நடையை எடுத்துக்கொண்டு வருகிறது. யோசித்து அவள் இதைக் கண்டுபிடிக்கவில்லை. கேட்டதுமே தெரிந்துவிட்டது.

இகுயோவின் முகமோ தெளிந்தது. "பாரு! மனுஷன் எந்திரிச்சு வர்றார். அவர் நடையேதான். நீ என்னமோ செத்துட்ட மாதிரி மூஞ்சியை வச்சிருந்த."

"அக்கா, நட. நிக்காத."

"அடிபட்ட மனுஷன்டி. வழிவிடாம முன்னால முன்னால போனா என்ன நினைப்பார்?" அவள் தங்கையின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள். பாறையில் ஒரு கையை ஊன்றி, வலியைக் காட்டாமல் நிமிர்ந்து நின்றாள்.

"அக்கா, அவர் செத்துட்டார்! நான் பொய் சொன்னேன், அவர்—"

பனியிலிருந்து உயரமாக ஓர் உருவம் வந்தது. அறுபது வருடப் பழக்கம். இகுயோ தலை குனிந்தாள். "ரொம்ப சிரமப்பட்டுட்டீங்க," என்றாள்.

அது இரண்டு காலில் நின்றிருந்தது. கறுப்பு. நெஞ்சில் பிறை மாதிரி வெள்ளை, அந்த வெள்ளையில் பிசுபிசுவென்று சிவப்பு. வாய் மூடியிருந்தது. மூடிய வாயின் ஓரத்தில் தோல்வார் ஒன்று தொங்கியது. அது தலையை மெல்ல ஆட்டியது. வாய்க்குள் மணி ஒலித்தது. கிண்.

பிறகு அதுவும் தலை குனிந்தது.

கை வந்தது ரிட்சுகோவுக்குத் தெரியவே இல்லை. குனிந்திருந்த தலை நிமிர்வதற்குள் கீழிருந்து மேலாக ஒரு வீச்சு. தேங்காய் உடையும் சத்தம். இகுயோவின் மூக்குக்கண்ணாடி பறந்து மரத்தில் மோதியது. அவள் ஒரு முறை முழுதாகச் சுற்றினாள், தங்கையைப் பார்க்கத் திரும்புவது போல. மூக்கு இல்லை. வாய் இல்லை. தாடை ஒரு பக்கமாகக் கழன்று தோளில் தொங்கியது. சூடாக ஏதோ ரிட்சுகோவின் கண்ணிலும் உதட்டிலும் அடித்தது. உப்பு. இகுயோ பின்னால் சாய்ந்து, பள்ளத்தில், இலைகளோடு இலையாக உருண்டாள். அது நான்கு காலில் இறங்கி, பனியில் மறைந்துபோன அவளைத் தேடிக்கொண்டு போனது.

ரிட்சுகோ ஓடினாள்.

விழுந்தாள். எழுந்தாள். கத்தினாளா என்று தெரியாது. அக்காவை விட்டுவிட்டு ஓடுகிறேன் என்று தெரிந்தது. தெரிந்தே ஓடினாள்.

கடை இருட்டாக இருந்தது. ஷட்டர் இறங்கியிருந்தது. சொன்னது போலவே பக்கத்துக் கதவு திறந்திருந்தது. உள்ளே நுழைந்து, தாழ்ப்பாளைப் போட்டு, ஊறுகாய்ப் பீப்பாயை நகர்த்தி முட்டுக்கொடுத்தாள். சுவரில் தொலைபேசி இருந்தது. ரத்தம் வழுக்கிய விரலால் போலீஸுக்கு அடித்தாள். மறுமுனையில் ஒரு பையன் குரல் மிக மரியாதையாகப் பேசியது. கரடி என்றாள். இரண்டு பேர் என்றாள். என் அக்கா என்றாள், அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

"வண்டி கிளம்பிடுச்சும்மா. நாங்க வர்ற வரைக்கும் எந்தக் காரணத்துக்கும் கதவைத் திறக்காதீங்க. எது வந்தாலும் சரி. புரியுதுங்களா?"

புரிந்தது. சுவரோடு சுவராகத் தரையில் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே கொக்கிகளில் மணிகள். மூன்று கொக்கிகள் காலி. அத்தானிடம் என்ன சொல்வது என்று நினைத்தபோது அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. நாய்க்குட்டி மிதிபட்டது மாதிரி. கையை வாயில் திணித்துக்கொண்டாள்.

வெளியே வெகுநேரம் ஓடையின் சத்தம் மட்டும்தான். பிறகு, பாதை முடிகிற இடத்தில்.

கிண்... கிணிகிணி.

அவள் தலையைத் தூக்கினாள்.

கிண்... கிணிகிணி.

இடது காலை ஊன்றி, வலது காலை இழுத்து. சரளைக்கல்லில் சர்ர் என்று தேயும் சத்தம்கூட அப்படியே. அக்கா என்று எழுந்துவிட்டாள். கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. அங்கேயே நின்றுவிட்டது.

அக்காவின் மணி ஊமை. தோல் மூடியை அழுத்தி மாட்டியது இவளே. அக்காவின் முகம் போனதை இவள் பார்த்தாள். அப்படிப்பட்டவள் எழுந்து வர முடியாது. எழுந்தாலும் மூடியைக் கழற்றி மணியடித்துக்கொண்டு எதற்கு வருவாள்? ஒரு வார்த்தை கூப்பிட மாட்டாளா? கூப்பிடவில்லை. மணி மட்டும்தான். முதலில் மூன்று அடி. பிறகு நீள அடி. இப்போது இழுப்பு நடை.

நீ கத்துக்கிட்டது எனக்குத் தெரியும். எங்கக்கா நடையையும் கத்துக்கிட்டே, என்று நினைத்தாள்.

ஷட்டரில் மோதியது. தகரம் அதிர்ந்தது. கையால் தட்டுவது போல, உள்ளங்கையால், மெதுவாக. டப். டப். மணி பதற்றமாகக் குலுங்கியது. கிணிகிணிகிணி. ஏதோ கொழகொழத்தது. சொல்லாக முயன்று சொல்லாகாத ஒரு சத்தம்.

"போயிடு," என்றாள் ரிட்சுகோ. "நீ எங்கக்கா இல்ல. போயிடு. போயிடு." இரண்டு கையாலும் தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இறுகக் கண்களை மூடிக்கொண்டாள்.

தட்டுவது நின்றது. ஷட்டரின் துவாரத்து மூடி கிறீச்சென்றது.

கண்ணைத் திறந்தாள்.

துவாரத்தின் வழியாக ஒரு கை உள்ளே வந்திருந்தது. மனிதக் கை. ஊதா நிறக் கம்பளிக் கையுறை, கட்டைவிரலில் பிரிந்து தைத்த இடம். அதைத் தைத்தவள் ரிட்சுகோ. கையில் மணி இருந்தது. தோல் மூடி கழன்று வாரில் தொங்கியது. வாயில்லாதவள் வேறெப்படிக் கூப்பிடுவாள். மணி குலுங்கியது, கணீரென்று, தொண்டை கட்டாமல், பளிச்சென்று. முதலிலிருந்தே அது பளிச்சென்றுதான் ஒலித்துக்கொண்டிருந்தது. இவள்தான் கேட்கவில்லை.

"அக்கா!"

பீப்பாயைத் தள்ளினாள். உருள மறுத்தது. உதைத்தாள். தாழ்ப்பாளில் விரல் வழுக்கியது. "இருக்கா, திறக்கிறேன், இதோ, இதோக்கா—"

வெளியே சரளையில் கனமான நாலு கால் ஓட்டம்.

துவாரத்தில் இருந்த கை விறைத்தது. விரல்கள் விரிந்தன. ஷட்டர் உள்பக்கமாகப் புடைத்தது, ஒருமுறை, மறுபடி. கை தோள் வரை உள்ளே அறைந்து வந்தது, தகர விளிம்பு சதையை உரித்தது, பிறகு வெடுக்கென்று வெளியே போனது. கையுறை மட்டும் விளிம்பில் மாட்டிக்கொண்டது. மணி உள்ளே, துவாரத்துக்கு அடியில் வைத்திருந்த பெட்டியில், கணீரென்று விழுந்தது.

வெளியே கிழிந்தது. நீளமாக, பொறுமையாக, தையல் பிரிவது போல. ஷட்டருக்கு அடியிலிருந்த இடுக்கில் ரத்தம் உள்ளே வந்து, ஒரு மேப்பிள் இலையை மிதக்கவைத்துக்கொண்டு, ரிட்சுகோவின் பூட்ஸ் வரைக்கும் வந்தது. ஏதோ இழுபட்டுத் தூரப் போனது. அமைதி. ஓடைச் சத்தம்.

ரிட்சுகோ பெட்டியைப் பார்த்தாள். அக்காவின் மணி அங்கே கிடந்தது. அசையாமல். இங்கே, உள்ளே, அவள் கைக்கு எட்டும் இடத்தில்.

அப்போது வெளியே ஆரம்பித்தது. தொண்டை கட்டிய மணி.

கிண்... கிணிகிணி.

முதலில் கொஞ்சம் தடுமாறியது. சரளையில் இழுப்பு சரியாக விழவில்லை. நின்றது. மறுபடி செய்து பார்த்தது.

கிண்... கிணிகிணி.

சரியாக வந்துவிட்டது. ஷட்டர் வரை வந்தது. துவாரத்து மூடி மெல்லத் தூக்கிக்கொண்டது. நனைந்த கம்பளி வாசனை உள்ளே வந்தது. துவாரம் முழுக்கக் கறுப்பாக, ஈரமாக, மூடிய வாய். ஓரத்தில் தோல்வார். அதோடு ஒட்டி, நரை ஓடிய நாலு முடி.

மூடிய வாய் மரியாதையாக, மெல்லக் குனிந்தது.